பாலைப்பழ டார்ட்

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
நான் எல்லாருக்கும் கொடுக்கும் கடதாசியில்
ஆப்பிள் இருக்கிறது, ஓட்ஸ் இருக்கிறது,
புரொக்கோலி என்று ஒரு பூவும் இருக்கிறது.
கொழும்பில் யாரோ தட்டச்சு செய்தது.
போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து
ஆப்பிள் இப்போது ஒரு கறுத்த புள்ளி.

ஆனி மாதம். கச்சான் காற்று
கோப்புகளைப் புரட்டிப் பார்த்தது.
கிண்ணியா லரீபா கடதாசியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எங்கட பாலப்பழம் இதுல இரிக்கா மிஸ்?"
இல்லை என்றேன்.
"அப்ப கொழும்புல ஆரும் காட்டுக்குப் போறல்ல போல."
ஒரு சுண்டு நிறைய அளந்து
என் மேசையில் கொட்டிவிட்டுப் போனாள்.
திரியாய்ப் பக்கம் அவள் மகன் பொறுக்கியது,
கரடி எழும்ப முந்தி.

ஒரு மாதம், மிஞ்சினால் ஐந்து கிழமை.
அதற்குப் பிறகு எவ்வளவு காசு நீட்டினாலும் கிடைக்காது.
விளாம்பழம் வரும். மாரி பெய்தால் கீரை வரும்,
முழங்கால் தண்ணீரில் நின்று பிடுங்கிய கீரை.
இதையெல்லாம் எழுதக் கடதாசியில் இடமில்லை,
ஆப்பிள் உட்கார்ந்திருக்கிறது.

பாலையூற்றில் ஒல்வினின் பேக்கரி.
பின்னேரப் பாண் இறங்கியபின்
போறணைச் சூட்டில் மிச்சத்தைக் கேட்டேன்.
குரக்கன் மா இரண்டு பங்கு, கோதுமை ஒன்று,
தேங்காயெண்ணெய், ஐஸ் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு.
"சீனி?"
வேண்டாம்.
"டின்பால்?"
வேண்டாம்.
"அப்ப என்னத்துக்கு மிஸ் என்ர போறணை?"

குரக்கன் சொன்னபடி கேட்கிற மாவில்லை.
உருட்டினால் வெடித்தது, தூக்கினால் உடைந்தது,
தட்டிலேயே வைத்து விரலால் ஒட்டுப்போட்டேன்.
பழத்தின் கதை வேறு.
கொட்டையைப் பிதுக்கப் பிதுக்கப் பால் சுரந்து
கத்தி கையோடு வந்தது, கை கிண்ணத்தோடு வந்தது.
எண்ணெய் பூசிக்கொண்டு
தேசிக்காய் பிழிந்து கிளறினேன்.
பள்ளிக்கூடத்தில் பாலை என்றால் பிரிவு என்று
பரீட்சைக்குப் பாடமாக்கினோம்.
அந்த உரையாசிரியருக்கு
ஒரு பழம் கொடுத்திருக்க வேண்டும்.
உதடு இரண்டும் பிரியாமல்
வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

போறணை வாசலில் காத்திருக்கும்போது
கைப்பையைத் திறந்தேன், லேஞ்சி எடுக்க.
அடியில் நாலாய் மடித்த ரிப்போர்ட்.
வெறும் வயிறு: நூற்று நாற்பத்தெட்டு.
பெயர்: என்னுடையது.
வைகாசியிலிருந்து அங்கேதான் கிடக்கிறது.
எண்பது பேரைத் தராசில் ஏற்றி இறக்குகிறவள்,
"பயப்பட ஒண்டுமில்ல, நடவுங்கோ" என்கிறவள்,
லேஞ்சியை எடுத்துப் பையை மூடினேன்.

டார்ட் வந்தது. ஓரம் கருகல்,
நடுவில் கடலில் சூரியன் விழுந்த நிறம்.
ஒல்வின் ஒரு துண்டு தின்றான்.
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல முடியவில்லை என்பது
பிறகு அவன் வாயைத் தேய்த்தபோது தெரிந்தது.

அடுத்த செவ்வாய், பதினொரு துண்டு
விரலகலமாய் இருபத்திரண்டாக வெட்டினேன்.
காத்திருக்கும் வாங்குகளில்
அப்படியொரு அமைதி அதுவரை இருந்ததில்லை.
"குரக்கன் கூடிட்டு," என்றாள் லரீபா,
வாய் இன்னும் திறந்த நிலையில்.
கடதாசியில் ஆப்பிளுக்குப் பக்கத்தில்
பேனையால் எழுதினேன்:
பாலைப்பழம், எட்டு. பருவத்தில் மட்டும்.
எட்டு சரியா என்று எனக்குத் தெரியாது.
டொக்டரிடம் கேட்க வேண்டும்.
கேட்க இன்னொன்றும் இருக்கிறது.

சனம் குறைந்தபின்
செருப்பைக் கழற்றித் தராசில் ஏறினேன்.
என் வயிற்றை மறைத்து எனக்கு முள் தெரியவில்லை.
லரீபா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள்,
எண்ணைச் சொல்லவில்லை.
பழப்பால் வாயை ஒட்டியிருக்கும்
என்றுதான் நினைக்கிறேன்.